மூட்டைப்பூச்சி ட்ராப் கப்புல ஏறி வெளிய வந்துடுது – பூச்சிங்க கால்ல அப்படி என்னதான் இருக்கு?

மேன்ஷன்வாசி:
வணக்கம் மக்களே. திருவல்லிக்கேணி பக்கம் ஒரு மேன்ஷன்ல இருக்கேன், மூட்டைப்பூச்சி தொல்லை பத்தி தனியா சொல்ல வேணாம்னு நினைக்கறேன். மருந்தடிக்கச் சொன்னா ஓனர் "மெத்தைய வெயில்ல போடுங்க தம்பி"ன்னுட்டு போயிடறாரு. சரின்னு ஆன்லைன்ல கட்டில் கால் அடியில வைக்கற பிளாஸ்டிக் கப் வாங்கினேன், வெளிப்பக்கம் சொரசொரப்பா இருக்கும் உள்பக்கம் வழவழன்னு இருக்கும், பூச்சி வெளிய இருந்து ஏறி உள்ள விழுந்துடும் அப்புறம் ஏற முடியாம அங்கயே கெடக்கும், இதான் கான்செப்ட். வெளிநாட்டுக்காரன் வீடியோல நெஜமாவே அப்படித்தான் கெடக்குது. என் ரூம்ல என்னடான்னா உள்ள விழுந்தது கொஞ்ச நேரம் சுத்தி சுத்தி வந்துட்டு ஜாலியா செவுத்துல ஏறி வெளிய போகுது, நான் டார்ச் அடிச்சு உக்காந்து பாத்தேன்.

இதுல இருந்து எனக்கு வேற டவுட்டு கெளம்பிடுச்சு. பாத்ரூம் டைல்ஸ்ல கரப்பான் ஏறுது, ஜன்னல் கண்ணாடில ஈ தலைகீழா கூட நிக்குது, ஆனா வெள்ளிப்பூச்சி (புஸ்தகம் அரிக்குமே அது) வாஷ்பேசின்ல விழுந்தா ஏறவே முடியாம தவிக்குது. எல்லாம் ஆறு கால் பூச்சிதானே. கால்ல பசை இருக்கா, நகமா, இல்ல உறிஞ்சிப் பிடிக்குதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, கப் காசு போனாலும் பரவால்ல விஷயமாவது தெரிஞ்சுக்கறேன்.

சும்மா_பாக்கவந்தேன்:
சக்ஷன் ப்ரோ. ஈ கால்ல குட்டி குட்டி கப் இருக்கு, காத்த வெளிய தள்ளிட்டு ஒட்டிக்கும். ஸ்கூல்ல படிச்ச ஞாபகம்.

வேளாண்_ராஜி:
இல்லங்க, ஈக்கு சக்ஷன் இல்ல. இது ரொம்ப பழைய சண்டை. 1665லயே ராபர்ட் ஹூக் மைக்ரோஸ்கோப்ல ஈ காலைப் பாத்து படம் போட்டு வச்சாரு, நகமும் அடியில மெத்து மெத்துன்னு ரெண்டு திண்டும் இருக்குன்னு. அதுக்கப்புறம் பல பேரு சக்ஷன்தான்னு சாதிச்சாங்க. 19ஆம் நூற்றாண்டுல ஜான் பிளாக்வால்னு ஒருத்தர் ஈயை கண்ணாடிக் குடுவையில போட்டு ஏர் பம்ப் வச்சு காத்தை உறிஞ்சி எடுத்துப் பாத்தாரு. காத்தழுத்தம் இல்லன்னா சக்ஷன் வேலை செய்யக் கூடாது, ஆனா ஈ பாட்டுக்கு கண்ணாடியில ஏறிச்சு. அதோட அந்தக் கதை முடிஞ்சிருக்கணும், இன்னும் முடியல பாருங்க.

மேன்ஷன்வாசி தம்பிக்கு கொஞ்சம் விவரமா சொல்றேன். பூச்சி காலோட நுனிப் பாதத்துல பொதுவா ரெண்டு ஏற்பாடு இருக்கும். ஒண்ணு நகம், ஜோடியா வளைஞ்சு இருக்கும். இது சொரசொரப்பான எடத்துக்கு, மரப்பட்டை, செங்கல், துணி இந்த மாதிரி. மேடு பள்ளம் நக நுனிய விட பெருசா இருந்தாத்தான் மாட்டும், அதைவிட சின்னதா இருந்தா நகம் வழுக்கிடும். இன்னொண்ணு ஒட்டு மெத்தை, இது கண்ணாடி டைல்ஸ் மாதிரி வழவழப்புக்கு. இந்த மெத்தையும் ரெண்டு டைப். எறும்பு, தேனீ, கரப்பான், வெட்டுக்கிளி இதுக்கெல்லாம் வழவழப்பான மெதுவான திண்டு, மேல தோல் ரொம்ப மெலிசு, எந்தப் பரப்புல வச்சாலும் அதோட வளைவுக்குத் தக்க மடங்கிக்கும். ஈ, வண்டு இதுக்கெல்லாம் மயிர் வச்ச திண்டு, ஆயிரக்கணக்குல நுண்மயிர், ஒவ்வொண்ணோட நுனியும் தட்டையா இருக்கும். ரெண்டு டைப்லயும் காமனா ஒண்ணு இருக்கு, மெத்தையில இருந்து ரொம்ப ரொம்பக் கொஞ்சமா ஒரு திரவம் கசியும், எண்ணெய்ப் பசை கலந்தது. ஈ நடந்த கண்ணாடிய மைக்ரோஸ்கோப்ல பாத்தா அது கால் வச்ச எடமெல்லாம் குட்டிக் குட்டி சொட்டா தெரியும். ரெண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவுல ஒரு சொட்டு தண்ணி விட்டு அழுத்திட்டு நேரா இழுத்துப் பிரிச்சுப் பாருங்க, ஏறக்குறைய அந்த மாதிரிதான் இதுவும்.

வெள்ளிப்பூச்சிக்கு நகம் இருக்கு, வழவழப்புல ஒட்டற மெத்தை இல்ல. அதான் பேசின்ல மாட்டிக்குது. அதைப் பிடிக்கறவங்க கண்ணாடி ஜாடிக்கு வெளிப்பக்கம் மட்டும் பேப்பர் டேப் சுத்தி வைப்பாங்க, டேப்ல நகம் மாட்டி ஏறும், உள்ள விழுந்தா அவ்ளோதான். உங்க கப்போட ஐடியாவும் அச்சு அசல் இதேதான்.

உங்க கப் ஏன் சொதப்புச்சுன்னா, அந்த வீடியோல வர்ற மூட்டைப்பூச்சி வேற ஜாதி. குளிர் நாட்டுல இருக்கறது சைமெக்ஸ் லெக்டுலேரியஸ். நம்ம ஊர் மாதிரி வெப்ப நாட்டுல அதிகமா இருக்கறது சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், சாதாரணமா பாத்தா பிரிச்சு சொல்ல முடியாது. 2017ல மலேசியாவுல ஆராய்ச்சி பண்ணினவங்க ரெண்டையும் வழவழப்பான ட்ராப்ல விட்டுப் பாத்தாங்க, லெக்டுலேரியஸ் உள்ளயே கெடந்துச்சு, ஹெமிப்டெரஸ் ஏறி வந்துடுச்சு. காரணம் தேடினப்ப முழங்காலுக்குக் கீழ இருக்கற தண்டு முடியற எடத்துல ஒரு மயிர்த் திண்டு, அதுல நம்மாளுக்கு ஒட்டு மயிர் அதிகம். நீங்க வாங்கின கப் அந்த ஊர் பூச்சிய மனசுல வச்சு செஞ்சது, அவ்ளோதான்.

மேன்ஷன்வாசி:
ராஜிக்கா தெய்வமே!! இது எந்த ரிவ்யூலயும் யாரும் சொல்லல. ஆனா ஒண்ணு இடிக்குது. எண்ணெய்ப் பசைன்னு சொல்றீங்க, தரையில எண்ணெய் கொட்டினா நாம வழுக்கி விழறோம், பூச்சிக்கு மட்டும் எண்ணெய் எப்படி ஒட்டும்? செவுத்துல நிக்கும்போது கீழ சறுக்கிட்டு வராதா?

வேளாண்_ராஜி:
நல்ல கேள்வி, இதுல ஆராய்ச்சிக்காரங்களே ரொம்ப நாள் மண்டைய ஒடச்சிக்கிட்டாங்க. நேரா பிச்சு எடுக்கறதை திரவம் தடுக்கும் சரி, பக்கவாட்டுல சறுக்கறதை வெறும் எண்ணெய் தடுக்காதுதான். ஆனா அந்தப் படலம் எவ்ளோ மெலிசுன்னா மெத்தைத் தோலும் கண்ணாடியும் கிட்டத்தட்ட நேரடியா தொட்டுக்குது, அந்த ரப்பர் மாதிரி தோலோட உராய்வுதான் சறுக்காம பிடிக்குது. 2006ல குச்சிப்பூச்சிய வச்சு ஒரு வேலை பண்ணாங்க, ஒரே மெத்தைய திரும்பத் திரும்ப சுத்தமான கண்ணாடியில இழுத்து திரவத்தைக் காலி பண்ணினா வழவழப்புல பிடிமானம் கூடுது, குறையல! அப்ப திரவம் எதுக்குன்னா சொரசொரப்புக்கு. மேடு பள்ளத்துக்கு நடுவுல இருக்கற சந்து பொந்தை ரொப்பறதுக்கு அது வேணும், அங்க திரவம் காலியானா பிடி விட்டுடும். பூச்சிக்குத் தெரியாது அடுத்த அடி எங்க விழும்னு, அதனால ரெண்டுக்கும் ரெடியா போகுது.

எறும்புவளர்ப்பாளன்:
இந்த த்ரெட்டை இவ்ளோ லேட்டா பாக்கறேனே. நான் வீட்ல எறும்பு காலனி வளக்கறவன், எங்களுக்கு பூச்சி எப்படி ஒட்டுதுங்கறதை விட எப்படி ஒட்டாம பண்றதுங்கறதுதான் வாழ்க்கைப் பிரச்சனை, ஒரு ராத்திரி மூடி சரியா போடலன்னா காலைல கிச்சன் பூரா எறும்பு, அப்புறம் வீட்ல நமக்கு சோறு கெடைக்காது. நாங்க பெட்டியோட மேல் விளிம்புல ஃப்ளூவான்னு ஒண்ணு பூசுவோம், டெஃப்லான் துகளை தண்ணில கரைச்ச மாதிரி வெள்ளையா இருக்கும், காஞ்சா எறும்பு அதுல கால் வச்ச உடனே சறுக்கும். அது கெடைக்கலன்னா டால்கம் பவுடரை ஸ்பிரிட்ல கொழைச்சு பூசுவோம், ஸ்பிரிட் ஆவியானா பவுடர் மட்டும் மெலிசா நிக்கும். எறும்பு கால் வச்சா பவுடர் துகள் செவுத்தை விட்டுட்டு கால்ல ஒட்டிக்கிட்டு வந்துடும், மெத்தை பூரா பவுடர், அப்புறம் எங்க ஒட்டறது. ஈரக்காத்து பட்டா, கை பட்டா பவுடர் போயிடும், மறுபடி பூசணும்.

செடிங்க இதை நமக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கு. முட்டைகோஸ் இலை, தாமரை இலை மேல சாம்பல் பூத்த மாதிரி ஒரு பூச்சு இருக்குமே, அது மெழுகுப் படிகம், அதுல பல பூச்சிங்க வழுக்கும். தென்கிழக்கு ஆசியாவுல மக்கராங்கான்னு ஒரு மரம், சில வகைக்கு தண்டு பூரா இந்த மெழுகு, உள்ள பொந்து, பொந்துக்குள்ள ஒரு கிரமட்டோகாஸ்டர் எறும்பு குடியிருக்கும். அந்த எறும்பு மட்டும் மெழுகுல அசால்ட்டா ஓடும், வெளி எறும்பு வந்தா சறுக்கி விழும், அதாவது வாடகைக்காரனுக்கு மட்டும் திறக்கற கேட். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, 2000ல ஃபெடர்லேன்னு ஒரு ஜெர்மன்காரரும் அவரோட ஆளுங்களும் எறும்புங்களை ஒரு சுத்தற மிஷின்ல வச்சு வேகமா சுத்தி எந்த வேகத்துல பிச்சுக்கிட்டுப் போகுதுன்னு அளந்தாங்க. மெழுகுல சூப்பரா ஓடற எறும்பு வழவழப்பான பிளாஸ்டிக்ல மட்டமா ஒட்டுது, வழவழப்புல கில்லாடியா இருக்கற முசுறு எறும்பு மெழுகுல தடுமாறுது. ரெண்டுலயும் ஜெயிக்கற எறும்பு இல்ல. முசுறு வழவழப்புல தன் எடையப் போல நூறு மடங்குக்கும் மேல தாங்குச்சு.

யாழ்_குமரன்:
முசுறு எண்டு சொன்னதும் வந்திட்டன். எங்கட வீட்டு மாமரத்தில அதுகள் இலையளை இழுத்துப் பிடிச்சுத் தைக்கிறதைப் பாத்தா நம்பேலாது, ஒண்டின்ர இடுப்பை ஒண்டு கவ்விக்கொண்டு சங்கிலி மாதிரித் தொங்கும், கடைசியில நிக்கிறவர் பின்காலால இலையில ஒட்டிக்கொண்டு முழுப் பாரத்தையும் தாங்கோணும். மாவிலை நல்ல வழுவழுப்புத்தானே. என்ர கேள்வி என்னண்டா நூறு மடங்கு தாங்கிற அளவுக்கு ஒட்டினா பிறகு எப்பிடி உந்தக் கால் கழருது? அதுகள் ஓடுற ஓட்டத்துக்கு ஒட்டிறதும் கழட்டிறதும் கண்மூடி முழிக்கிறதுக்குள்ள நடக்கோணுமே.

எறும்புவளர்ப்பாளன்:
குமரன் அண்ணே கரெக்டா பாயிண்ட்டைப் பிடிச்சீங்க. ஒட்டறது பெரிய வித்தையே இல்ல, பெவிக்கால்ல விழுந்த பூச்சியும்தான் ஒட்டும். வேணும்னா ஒட்டி வேணாம்னா விடறதுதான் வித்தை.

எறும்புக்கும் தேனீக்கும் அந்தத் திண்டு ரெண்டு நகத்துக்கு நடுவுல மடிச்சு வச்சிருக்கும். சாதாரணமா நடக்கும்போது அது முழுசா விரியறதே இல்ல, ஓரம் மட்டும் லேசா தொடும். காலை ஒடம்பு பக்கமா இழுத்தா முதல்ல நகம் பிடி தேடும், மாட்டிச்சுன்னா சரி, வழுக்கிச்சுன்னா அதே இழுப்புல திண்டு வெளிய விரிஞ்சு பரப்புல பதியும், உள்ள இருக்கற திரவ அழுத்தமும் விரிக்க உதவுது. இழுக்கறதை விட்டா தானா மடிஞ்சிக்கும், ஓரத்துல இருந்து உரிஞ்சு வந்துடும், தனியா சக்தி செலவு பண்ண வேணாம். அதாவது உள்ள இழுத்தா பூட்டு, வெளிய தள்ளினா திறப்பு. காத்தடிச்சு எறும்பு பிச்சுக்கிட்டு போற மாதிரி வந்தா, அந்த இழுவையே திண்டை இன்னும் விரிச்சுடும், மூளைக்குத் தகவல் போய் திரும்பற வரைக்கும் காத்திருக்காது. முசுறு தொங்கற சங்கிலில நடக்கறது இதுதான்னு நினைக்கறேன், பாரம் ஏற ஏற பிடி கூடும்.

ஈ வேற மாதிரி, அது காலை லேசா முறுக்கி, திருப்பி, நகத்தை ஊனி மயிரை உரிச்சு எடுக்கும். சும்மா உக்காந்திருக்கும்போது கையைத் தேச்சுக்கிட்டே இருக்கே, அதுல ஒரு பாதி காரணம் இந்த மயிர்ல ஒட்டின தூசியத் தட்டறதுதான்.

வேளாண்_ராஜி:
கரப்பானுக்கு இன்னும் கொஞ்சம் கூட. அதுக்கு பாத நுனியில ஒரு திண்டு, பாதத்துக்கு அடியில கணு கணுவா வேற திண்டு. மேல ஏறும்போது தலைப்பக்கம் இருக்கற கால் இழுக்கும், அப்ப நுனித் திண்டு வேலை செய்யும். கீழ இருக்கற கால் தள்ளும், அப்ப அடித் திண்டு வேலை செய்யும். நுனித் திண்டு நல்லா ஒட்டும், அடித் திண்டு ஒட்டறதை விட உராய்வுக்குத்தான். 2008ல இதை அளந்து எழுதியிருக்காங்க.

இன்னொரு ஜீவனைச் சொல்லாம போக மனசு வரல. அமெரிக்காவுல ஃப்ளோரிடா பக்கம் பனை ஓலையில ஒரு நீல வண்டு, ஹெமிஸ்ஃபெரோட்டா சயானியா, ஆமை ஓடு மாதிரி கவுத்துப் போட்ட வடிவம். ஆறு காலுக்கும் சேத்து சுமார் 60,000 மயிர், ஒவ்வொண்ணுக்கும் நுனி ரெண்டாப் பிரியும். நடக்கும்போது கொஞ்சூண்டு மயிர் மட்டும் தரையில படும். எறும்பு கடிக்க வந்தா சட்டுனு எல்லாத்தையும் அமுக்கி எண்ணெய் வச்சு ஒட்டிக்கும். தாமஸ் ஐஸ்னரும் அனெஷான்ஸ்லேயும் 2000ல அதை நூல் கட்டி இழுத்துப் பாத்தாங்க, தன் எடைல 60 மடங்கை ரெண்டு நிமிஷம் தாங்குது. எறும்பு அலுத்துப் போய் திரும்பிடும். ஆனா ஒரு கொலைகார நாவாய்ப்பூச்சி இருக்கு, அது பெயர்த்தெடுக்கவே முயற்சி பண்றதில்ல, அப்படியே ஊசி மூக்கைக் குத்தி உறிஞ்சிட்டுப் போயிடும்.

மேன்ஷன்வாசி:
அப்ப ரொம்ப வழவழப்பா இருந்தா ஏற முடியாதுன்னு கப் கம்பெனிக்காரன் சொல்றது தப்பா? இன்னும் பாலிஷ் பண்ணினா?

வேளாண்_ராஜி:
பாலிஷ் பண்ணினா நம்ம பூச்சிக்கு இன்னும் ஈஸி. ஒட்டு மெத்தை இருக்கற பூச்சிக்கு மோசமான பரப்பு கண்ணாடி இல்ல, நடுத்தரமா இருக்கறது. வண்டுகளை வெவ்வேறு சொரசொரப்புல விட்டுப் பாத்ததுல, மேடுங்க 0.3ல இருந்து 1 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இருக்கற எடத்துலதான் பிடிமானம் கடும் அடி வாங்குச்சு. அதைவிட வழவழப்பா இருந்தா மயிர் நுனி முழுசா பதியும், அதைவிட நல்லா சொரசொரப்பா இருந்தா நகம் மாட்டும். நடுவுல ரெண்டும் இல்ல. முட்டைகோஸ் மெழுகுப் படிகமும் கிட்டத்தட்ட இந்த அளவுதான்.

2019ல கேம்பிரிட்ஜ்ல எறும்பு சறுக்கற பெயிண்ட் ஒண்ணு முயற்சி பண்ணிருக்காங்க. பெயிண்ட்ல பிசின் கம்மி துகள் ஜாஸ்தின்னு கலந்தா மேல இருக்கற துகள் லூசா நிக்கும், எறும்பு கால்ல ஒட்டிக்கிட்டு கழண்டு வரும், டால்கம் கதைதான். விஷம் கெடையாது. (கடையில விக்கற எறும்பு சாக்பீஸை இதோட குழப்பிக்காதீங்க, அது பூச்சிமருந்து, கைய கழுவாம சாப்பிடாதீங்க.)

உங்க கப்புல டால்கம் மெலிசா பூசிப் பாருங்க, தொட்டா கையில வர அளவுக்கு. கப் கம்பெனிங்களே சில பேர் பவுடர் போடச் சொல்றாங்க. ஆனா சென்னை ஈரத்துக்கு அது சீக்கிரம் கட்டி தட்டும், அடிக்கடி மாத்தணும், முழுசா நிக்கும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். கட்டில் செவுத்தைத் தொடாம இருக்கணும், பெட்ஷீட் தரையில தொங்கக் கூடாது, இது ரெண்டும் கப்பை விட முக்கியம்.

சும்மா_பாக்கவந்தேன்:
பவுடர்லாம் விடுங்க, பால்கன் நாட்டு பாட்டிங்க டெக்னிக் தெரியுமா? பல்கேரியா, செர்பியா பக்கம் ராத்திரி தரையில பீன்ஸ் இலைய பரப்பி வச்சுட்டு காலைல பூச்சியோட அள்ளிக் கொளுத்திடுவாங்களாம். இது எங்கயோ படிச்சேன், இதுவும் ரீலா?

வேளாண்_ராஜி:
இல்ல, இது நெஜம். அது ராஜ்மா வகை பீன்ஸ் இலை. அடிப்பக்கம் வளைஞ்ச கொக்கி மாதிரி நுண்ணிய ரோமம் இருக்கும். மூட்டைப்பூச்சி நடக்கும்போது அந்தக் கொக்கி கால் மூட்டுல இருக்கற மெலிசான தோல்ல குத்தி மாட்டிக்கும், உதற உதற மத்த காலும் மாட்டும். பூச்சி இலையப் பிடிக்கறதுக்குப் பதிலா இலை பூச்சியப் பிடிக்குது. 1943லயே அமெரிக்காவுல ஒருத்தர் இதை எழுதி வச்சாரு. 2013ல கலிஃபோர்னியா ஆளுங்க எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல கொக்கி குத்தறதைப் படம் பிடிச்சுட்டு, அதே வடிவத்துல பிளாஸ்டிக் இலை வார்த்தாங்க. கொக்கி வடிவம் அச்சு மாதிரி வந்துச்சு, ஆனா பூச்சி லேசா தடுக்கிட்டுப் போயிடுச்சு, குத்தி மாட்டல. சும்மா வடிவம் மட்டும் போதாது போல, செடியோட ரோமம் விறைப்பா, நுனி கூரா இருக்கறதும் சேந்துதான் வேலை செய்யுது. திருவல்லிக்கேணில பச்சை ராஜ்மா இலைக்கு எங்க போறதுன்னு மட்டும் கேக்காதீங்க.

யாழ்_குமரன்:
சரி, கடைசியா ஒண்டு. நாங்களும் உப்பிடி ஒரு கையுறை போட்டு மதில் ஏறேலாதோ?

எறும்புவளர்ப்பாளன்:
ஏறலாம்ணே, கை மட்டும் பத்தாது. 2016ல சிலந்தி, உண்ணி, எறும்பு, தவளை, பல்லின்னு 225 இனத்தை எடுத்து திண்டு பரப்பை எடையோட ஒப்பிட்டாங்க. ஒடம்பு பெருசாக பெருசாக எடை வேகமா ஏறுது, தோல் பரப்பு அந்த வேகத்துல ஏறாது, அதனால பெரிய மிருகத்துக்கு ஒடம்புல பெரிய பங்கு திண்டாவே வேணும். கணக்குப் போட்டா மனுஷனுக்கு மொத்த ஒடம்புப் பரப்புல 40 சதவீதம் ஒட்டு மெத்தையா இருக்கணும், அதாவது முன்பக்கம் முக்கால்வாசிக்கும் மேல. பல்லி அளவுதான் கிட்டத்தட்ட எல்லை. பல்லிக்கு திரவமே கெடையாதுங்கறது வேற கதை, அது காஞ்ச மயிர், மூலக்கூறு ஈர்ப்புலயே நிக்குது, அதுக்குத் தனி த்ரெட் போடலாம்.

சும்மா_பாக்கவந்தேன்:
ஆக மொத்தம் எந்தப் பூச்சிக்குமே சக்ஷன் இல்ல? என் ஸ்கூல் வாத்தியார் பாவம்ங்க.

வேளாண்_ராஜி:
இருக்குங்க, தண்ணிக்குள்ள. குளத்துல நீச்சல் வண்டு இருக்குல்ல, டைட்டிஸ்கஸ், அதுல ஆணுக்கு முன்னங்கால்ல வட்டமா நெஜமான உறிஞ்சு கிண்ணங்க இருக்கு, பெண் வண்டோட வழவழ முதுகைப் பிடிச்சுக்கறதுக்கு. மலை ஓடையில வேகத் தண்ணில பாறையில ஒட்டிட்டு வாழற ஒரு ஈ வகையோட புழுவுக்கும் வயித்துல வரிசையா ஆறு கிண்ணம். ஜன்னல்ல நிக்கற ஈக்குத்தான் இல்லன்னேன்.

சும்மா_பாக்கவந்தேன்:
அப்ப நான் பாதி கரெக்ட் 😄